முதன்முறையாக டவுன் பஸ்ஸில் வகுப்புக்குத் தனியாகப் போகிறேன், எங்கே இறங்குவது என்பதுதான் பயம்

புதுத்தடம் | வியாழன், இரவு 9:12

வரும் திங்கள்கிழமை வகுப்பு தொடங்குகிறது. பள்ளிக்காலம் முழுக்க அப்பாவின் வண்டியில் பின்னால் உட்கார்ந்தே போய் வந்தாகிவிட்டது. பஸ்ஸில் ஏறியதே இல்லை என்று சொல்லவில்லை. ஏறியிருக்கிறேன், ஆனால் எப்போதும் யாராவது கூட இருப்பார்கள். அவர்கள் எழுந்தால் நானும் எழுவேன், அவர்கள் இறங்கினால் நானும் இறங்குவேன். தனியாகப் போவது இதுதான் முதல் தடவை.

வீட்டிலிருந்து நிறுத்தத்துக்கு ஐந்து நிமிட நடை. ஒரே பஸ், எங்கேயும் மாற வேண்டியதில்லை. மேப் 35 நிமிடம் என்கிறது. நடுவில் 19 நிறுத்தங்கள். வகுப்பு 9 மணிக்கு, அதனால் 8:20 பஸ்ஸைப் பார்த்து வைத்திருக்கிறேன்.

சந்தேகங்கள் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். சாலையின் எந்தப் பக்கம் நிற்பது? கை காட்டாவிட்டால் நிற்காமல் போய்விடுமா? என் நிறுத்தம் வருகிறது என்று முன்கூட்டியே எப்படித் தெரியும்? கூட்டத்தில் நெளிந்து கதவுக்குப் போவதற்குள் கிளம்பிவிட்டால்? எல்லாவற்றையும்விடப் பெரிய பயம், தப்பான வண்டியில் ஏறி எல்லார் முன்னாலும் திருதிருவென்று விழிப்பது.

கடைசிப்படி | வியாழன், இரவு 9:20

19 நிறுத்தமா? ஒரு குட்டித் தூக்கமே போடலாம். எழுந்தால் கல்லூரி, எழாவிட்டால் டிப்போ.

நெறியாளர் | வியாழன், இரவு 9:31

கடைசிப்படி, உருப்படியாக ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

நாலாவது கியர் | வியாழன், இரவு 10:05

தம்பி, நான் 22 வருடம் டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். முதலில் அந்தக் கடைசிப் பயத்தை எடுத்துக்கொள்கிறேன். புதிதாக ஏறுகிறவரை எங்களுக்குக் கண்ணாடியில் பார்த்தாலே தெரியும். மற்ற பயணிகளுக்குத் தெரியாது. அவரவர் கவலை அவரவருக்கு. யாரும் உங்களைப் பார்க்கப் போவதில்லை.

ஏறுவதற்கு முன் எண்ணை மட்டும் படித்துவிட்டு ஏறாதீர்கள். போகும்போதும் வரும்போதும் எண் ஒன்றுதான். பலகையில் எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர்ப் பெயர்தான் வண்டி எங்கே போய் முடிகிறது என்று சொல்லும். உங்கள் கல்லூரி வழியில் இருக்கிறது என்றால் அதன் பெயர் பலகையில் இருக்காது, கடைசி நிறுத்தத்தின் பெயர்தான் இருக்கும். அதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். எண்ணோடு ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டு வந்தால் உஷார். வழி மாறிப் போகலாம், பாதியிலேயே முடிந்தும் போகலாம். பாதியில் முடிவதை நாங்கள் 'கட்' என்போம்.

நிறுத்தத்தில் நிழற்குடைத் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தால் ஓட்டுநருக்குத் தெரியாது. எண் படிக்கிற தூரத்துக்கு வண்டி வந்ததும் முன்னால் வந்து கையை நீட்டுங்கள். 12 மீட்டர் வண்டி, உள்ளே நாற்பது பேர் நின்றுகொண்டிருப்பார்கள். சட்டென்று பிரேக்கை மிதித்தால் அத்தனை பேரும் என் முதுகில்தான் விழுவார்கள். அதனால்தான் கடைசி நொடியில் கை காட்டுகிறவரைத் தாண்டிப் போய் நிறுத்துகிறோம், திமிரால் இல்லை. (சில பேர் திமிராலும் செய்வார்கள், இல்லை என்று சொல்லமாட்டேன்.)

இறங்குவதற்கு ஒரே ஒரு விஷயம். உங்கள் நிறுத்தத்தை அடையாளம் வைக்காதீர்கள். அதற்கு முந்தைய நிறுத்தத்தை வையுங்கள். உங்கள் நிறுத்தம் கண்ணில் பட்டபோது நேரம் கடந்துவிட்டது. முந்தையதில் வண்டி கிளம்பியதும் எழுந்து கதவுப் பக்கம் நகருங்கள். பொத்தானோ கயிறோ நடத்துனரிடம் ஒரு வார்த்தையோ, எது வழக்கமோ அதை அப்போதே செய்துவிடுங்கள்.

இறங்கியதும் வண்டிக்கு முன்னால் புகுந்து சாலையைக் கடக்காதீர்கள். எங்கள் இருக்கை உயரம், மூக்குக்கு நேர் கீழே நிற்கிற ஆள் தெரியமாட்டார். எங்களை முந்தி வருகிறவனுக்கும் நீங்கள் தெரியமாட்டீர்கள். வண்டி போகட்டும், பிறகு கடக்கலாம்.

இன்னொன்று. ஏறியதும் வண்டியின் பதிவு எண்ணை போனில் குறித்துக்கொள்ளுங்கள். எதையாவது விட்டுவிட்டு டிப்போவுக்குப் போய்த் தடம் எண்ணைச் சொன்னால் பயனில்லை. ஒரே தடத்தில் பத்துப் பதினைந்து வண்டி ஓடும்.

புதுத்தடம் | வியாழன், இரவு 10:24

மிக்க நன்றி அண்ணா. முந்தைய நிறுத்தத்தை அடையாளம் வைப்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு சின்னத் திருத்தம்: தம்பி இல்லை, தங்கை. :)

நாலாவது கியர் | வியாழன், இரவு 10:26

மன்னிக்கணும்மா. கண்ணாடியில் பார்த்தாலே தெரியும் என்று இப்போதுதான் பெருமை பேசினேன்.

தென்றல்வழி | வெள்ளி, காலை 6:48

திங்கள்கிழமை வரை காத்திருக்காதே. நாளைக்கே ஒரு தடவை சும்மா போய்விட்டு வா. வகுப்பு இல்லாத நாளில் தவறு நடந்தால் அது ஊர் சுற்றியதாகிவிடும். வகுப்பு நாளில் நடந்தால் தாமதம்.

ஆனால் ஞாயிறு வேண்டாம். நான் ஞாயிறு மதியம் ஒத்திகை பார்த்துவிட்டு, பஸ் என்றால் இவ்வளவு சொகுசா என்று நம்பியவள். விடுமுறை நாள் அட்டவணை வேறு, கூட்டம் வேறு, சாலையே வேறு. திங்களன்று அதே தடத்தில் ஒற்றைக் காலில் நின்றேன். சனி காலை, நீ கிளம்பப் போகிற அதே நேரத்தில் போ.

திரும்பி வரும் நிறுத்தத்தையும் அன்றே பார்த்து வை. எதிர்ப்பக்கம்தானே இருக்கும் என்று எல்லாரும் நினைக்கிறோம். நடுவில் ஒருவழிச் சாலை வந்தால் திரும்பும் பஸ் அடுத்த தெருவில் போகும். நான் முதல் நாள் மாலை முக்கால் மணி நேரம் பஸ்ஸே வராத இடத்தில் நின்றிருக்கிறேன். பக்கத்தில் ஒரு நாய் மட்டும்.

மேப்பிரியன் | வெள்ளி, காலை 8:15

ஒத்திகையெல்லாம் எதற்கு? போனில் வழியைப் போட்டுவிட்டால் நீலப் புள்ளி நகர்வதைப் பார்த்துக்கொண்டே போகலாம். இறங்கும் இடத்தை அதுவே சொல்லும்.

தென்றல்வழி | வெள்ளி, காலை 8:40

> நீலப் புள்ளி நகர்வதைப் பார்த்துக்கொண்டே போகலாம்

ஒரு கையில் கம்பி, ஒரு கையில் பை. போனை மூன்றாவது கையில் பிடிக்கிறீர்களா?

மேப்பிரியன் | வெள்ளி, காலை 9:02

சரி, அது ஒரு நியாயம். வழியைப் படமாகப் பிடித்து வைத்துக்கொள்ளலாம், சிக்னல் போனாலும் இருக்கும்.

ஆனால் செயலியை எப்படிப் படிப்பது என்று பலருக்குத் தெரிவதில்லை, அதற்காக எழுதுகிறேன். அதில் தெரியும் நேரம் இரண்டு வகை. ஒன்று, போக்குவரத்து நிறுவனம் முன்பே கொடுத்த அட்டவணை. இன்னொன்று, வண்டியில் இருக்கும் கருவி இப்போது அனுப்பும் இடம். அட்டவணையை எல்லாருக்கும் பொதுவான கோப்பு வடிவில் கொடுக்கும் பழக்கம் 2005-ல் அமெரிக்காவின் போர்ட்லேண்ட் நகரப் போக்குவரத்து நிறுவனமும் கூகுளும் சேர்ந்து தொடங்கியது. நேரலைத் தகவல் அதற்குப் பின்னால் வந்து சேர்ந்தது, இன்னும் எல்லா இடத்திலும் இல்லை. நேரத்துக்குப் பக்கத்தில் தாமதம் என்றோ சரியான நேரம் என்றோ ஏதாவது தெரிந்தால் நேரலை. வெறும் 8:20 என்று மட்டும் இருந்தால் அது ஒரு நல்ல எண்ணம், அவ்வளவுதான்.

தென்றல்வழி | வெள்ளி, காலை 9:30

நல்ல எண்ணம். :) இதை ஒத்துக்கொள்கிறேன்.

யாரிடமாவது கேட்பது என்றால் ஒரு தந்திரம் உண்டு. 'இது கல்லூரிக்குப் போகுமா?' என்று கேட்காதே. பாதிப் பேர் கேள்வி காதில் விழாமலே 'போகும், போகும்' என்பார்கள். 'இது எங்கே போகிறது?' என்று கேள். தெரியாதவர் தெரியாது என்று சொல்லித்தான் ஆக வேண்டும்.

கணக்குப்பிள்ளை | வெள்ளி, மதியம் 1:10

8:20 பஸ், 35 நிமிடம், 9 மணி வகுப்பு. 8:55-க்கு இறங்கி 5 நிமிடத்தில் வகுப்பறையா? வாசலிலிருந்து அறைக்கே ஐந்து நிமிடம் ஆகிவிடும். ஒரு பஸ் முன்னதாகவே போங்கள்.

காரணத்தைச் சொல்கிறேன், கொஞ்சம் சுவாரசியமானது. 10 நிமிடத்துக்கு ஒரு பஸ் என்றால் நாம் சராசரியாக 5 நிமிடம் காத்திருப்போம் என்று மனம் கணக்குப் போடும். எல்லாம் ஒழுங்காக வந்தால் அது சரி. ஆனால் பஸ் 18 நிமிடம் கழித்து ஒன்று, அதன் வாலைப் பிடித்து 2 நிமிடத்தில் இன்னொன்று என்று மாறி மாறி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போதும் சராசரி இடைவெளி 10 தான். நிறுவனம் பொய் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் நிறுத்தத்துக்கு வரும் நேரம் அந்த 18 நிமிட ஓட்டைக்குள் விழ பத்தில் ஒன்பது வாய்ப்பு. அதில் விழுந்தால் சராசரி 9 நிமிடம் காத்திருப்பு, மற்றதில் 1 நிமிடம். மொத்தத்தில் 8.2 நிமிடம் வருகிறது. பெரிய இடைவெளிதான் அதிகம் பேரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 'நான் போனால் மட்டும் பஸ் வராது' என்பது புலம்பல் இல்லை, கணக்கு.

புதுத்தடம் | வெள்ளி, மாலை 5:44

அப்படியென்றால் இரண்டு பஸ் ஏன் சேர்ந்து வருகிறது? பேசி வைத்துக்கொண்டு வருகிறார்களா?

நாலாவது கியர் | வெள்ளி, மாலை 6:30

எல்லாரும் கேட்பது இதைத்தான் அம்மா. பேசி வைப்பதெல்லாம் இல்லை. நான் ஒரு சிக்னலில் மாட்டி இரண்டு நிமிடம் தாமதமாகிறேன். அடுத்த நிறுத்தத்தில் அந்த இரண்டு நிமிடத்துக்கான ஆட்களும் சேர்ந்து நிற்பார்கள். அவர்கள் ஏற நேரமாகும், இன்னும் தாமதம். அதற்கடுத்த நிறுத்தத்தில் இன்னும் கூட்டம். எனக்குப் பின்னால் வருகிறவனுக்கு நான் எல்லாரையும் அள்ளிவிட்டேன், அவன் வண்டி காலி. சர்ரென்று வந்து என் பின்னால் நின்றுவிடுவான். பயணிகள் என்னைத் திட்டுவார்கள். அவனுக்கு ஜன்னலோரம் இருக்கை காலியாக இருக்கும்.

ஆகவே வந்த முதல் வண்டியில் தொங்காதே. தலையை நீட்டிப் பின்னால் பார். அதே எண் தெரிந்தால் அதில் ஏறு.

கணக்குப்பிள்ளை | வெள்ளி, மாலை 6:52

அண்ணன் சொன்னதை நியூவெல், பாட்ஸ் என்ற இருவர் 1964-லேயே கணக்காக எழுதி வைத்தார்கள். சின்னத் தாமதம் தானாகவே வளரும், தானாகச் சரியாகாது. அட்டவணையில் நடுநடுவே கொஞ்சம் நேரத்தைச் சும்மா விட்டு வைப்பது இதற்காகத்தான்.

பழைய டிக்கெட் | வெள்ளி, இரவு 8:20

பேச்சோடு பேச்சாக ஒரு சங்கதி. 'பஸ்' என்ற சொல்லே ஒரு வேற்றுமை உருபு, தெரியுமா? லத்தீனில் 'ஆம்னிபஸ்' என்றால் 'எல்லாருக்கும்'. நமக்கு நான்காம் வேற்றுமை. 1826-ல் பிரான்சின் நான்ட் நகரில் போத்ரி என்பவர் விட்ட குதிரை வண்டிகளோடு இந்தப் பெயர் பரவியது. பிறகு தலையை வெட்டிவிட்டு வாலை மட்டும் வைத்துக்கொண்டார்கள். 'எல்லாருக்கும்' என்பதில் 'க்கும்' மட்டும் மிச்சம். 'க்கும் வந்துவிட்டதா?' என்றுதான் நாம் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

அதற்கும் முன்னால் 1662-லேயே பாரீஸில் கணித மேதை பாஸ்கல் இதைச் செய்து பார்த்தார். குறிப்பிட்ட வழி, குறிப்பிட்ட இடைவெளி, ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வண்டி கிளம்பும். ஆனால் சிப்பாய்களும் வேலைக்காரர்களும் ஏறக்கூடாது என்று நீதிமன்றம் தடை போட்டது. எல்லாருக்கும் என்ற சொல் வர இன்னும் 164 வருடம் ஆக வேண்டியிருந்தது.

கடைசிப்படி | வெள்ளி, இரவு 8:33

சொல் வந்துவிட்டது சரி, இருக்கை வந்ததா?

பழைய டிக்கெட் | வெள்ளி, இரவு 8:50

உருப்படியான கேள்வி, அதிசயம்தான். வரவில்லை. 1955 மார்ச் 2-ஆம் தேதி அமெரிக்காவின் மாண்ட்கோமரியில் கிளாடெட் கால்வின் என்ற 15 வயது கறுப்பின மாணவி பள்ளி முடிந்து பஸ்ஸில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். வெள்ளையர் ஒருவருக்காக எழுந்திருக்கச் சொன்னார்கள், மறுத்தாள், கைது செய்தார்கள். இதே காரியத்துக்காக உலகம் நினைவில் வைத்திருக்கும் ரோசா பார்க்ஸ் மறுத்தது அதே ஊரில், அதற்கு ஒன்பது மாதம் கழித்து. பஸ்ஸில் நிறப் பிரிவினை செல்லாது என்று 1956-ல் தீர்ப்பு வாங்கிய வழக்கில் கால்வினும் ஒரு மனுதாரர். வகுப்புக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் என்ற பேச்சு வந்தால் எனக்கு முதலில் அந்தப் பெண்தான் நினைவுக்கு வருகிறாள்.

ஜன்னலோரம் | வெள்ளி, இரவு 9:15

பஸ்ஸில் குமட்டுகிறவர்கள் யாரும் இல்லையா இங்கே? எனக்குப் பத்து நிமிடம் போதும்.

தென்றல்வழி | வெள்ளி, இரவு 9:41

போனைப் பார்க்கிறீர்களா? காது ஆடுகிறது என்கிறது, கண் ஆடவில்லை என்கிறது, அந்தச் சண்டைதான் குமட்டல். தலையை நிமிர்த்தி முன் கண்ணாடி வழியாகத் தூரத்தில் பாருங்கள். பின் சக்கரத்துக்கும் பின்னால் உட்காராதீர்கள், அங்கேதான் தூக்கிப் போடும். இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் இடம் தேடுங்கள்.

புதுத்தடம், உனக்கும் ஒன்று. முதுகுப் பையை முன்னால் மாட்டிக்கொள். பின்னால் இருந்தால் திரும்பும்போதெல்லாம் யாரையாவது இடிப்பாய், ஜிப் திறந்தாலும் தெரியாது. நிற்கும்போது கால்களை அகட்டி, முழங்காலை லேசாக மடக்கி, பக்கவாட்டில் பார்த்து நில். பிரேக் போட்டால் எடை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்குப் போகும், நீ போகமாட்டாய். கூட்டத்தைச் சாக்காக வைத்து எவனாவது உரசினால் நீ நகர வேண்டியதில்லை. 'தள்ளி நில்லுங்கள்' என்று நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி சொல். நடத்துனரோ ஓட்டுநரோ காதில் விழுகிற தூரத்தில் நிற்பது நல்லது. முதல் தடவை சொல்லத்தான் குரல் வராது, வீட்டிலேயே ஒருமுறை சொல்லிப் பார்.

புதுத்தடம் | சனி, மதியம் 12:30

ஒத்திகை முடிந்தது! அக்கா சொன்ன மாதிரி ஒருவழிச் சாலை இருக்கிறது. திரும்பும் நிறுத்தம் அடுத்த தெருவில், ஒரு மரத்தில் பலகை அடித்து வைத்திருக்கிறார்கள், இலை மறைத்து நிற்கிறது. தனியாகத் தேடியிருந்தால் கண்டுபிடித்திருக்கவே மாட்டேன். ஒரு பாட்டி சொன்னார்.

முந்தைய நிறுத்தத்துக்கு அடையாளமாக ஒரு பச்சைச் சுவரை வைத்துக்கொண்டேன்.

நாலாவது கியர் | சனி, மதியம் 2:15

சுவர் போதாதும்மா. திங்கள்கிழமை உனக்கும் ஜன்னலுக்கும் நடுவில் ஐந்து பேர் நிற்பார்கள். உடம்புக்குத் தெரிகிற அடையாளம் ஒன்றும் வை. பாலம் ஏறி இறங்குவது, வேகத்தடை, பெரிய திருப்பம் என்று ஏதாவது.

புதுத்தடம் | திங்கள், இரவு 8:05

முதல் நாள் கதை.

7:55-க்கே நிறுத்தத்தில் இருந்தேன். 8:05 பஸ் 8:11-க்கு வந்தது. எண் சரி. அவசரத்தில் பலகையைச் சரியாகப் பார்க்கவில்லை. ஏறிப் பதினைந்து நிமிடத்தில் ஒரு நிறுத்தத்தில் எல்லாரும் இறங்குகிறார்கள், நான் மட்டும் உட்கார்ந்திருக்கிறேன். ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, 'இதோடு சரிம்மா' என்றார். கட்! எண்ணுக்குப் பக்கத்தில் ஓர் எழுத்து இருந்ததை இறங்கி நின்றுதான் பார்த்தேன். அண்ணா, மன்னிக்கவும்.

அங்கே 14 நிமிடம் நின்றேன். பிறகு என்ன, இரண்டு சேர்ந்து வந்தன. முதல் வண்டியின் படியில் ஆட்கள் தொங்கினார்கள். தலையை நீட்டிப் பார்த்து இரண்டாவதில் ஏறினேன். அதிலும் இருக்கை இல்லை, ஆனால் மூச்சு விட இடம் இருந்தது.

யாருடைய தண்ணீர்ப் பாட்டிலோ தரையில் விழுந்து கிடந்தது. வண்டி பிரேக் போட்டால் முன்னால் உருண்டு போகும், கிளம்பினால் பின்னால் வரும். எல்லாரும் பேச்சை நிறுத்தாமலே அதற்குக் காலைத் தூக்கி வழி விட்டார்கள். மூன்றாவது தடவை நானும் தூக்கினேன். அப்போதுதான் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்த கை கொஞ்சம் தளர்ந்தது.

பச்சைச் சுவர் தெரியவே இல்லை. பாலம் தெரிந்தது. ஏறும்போது எல்லாரும் பின்னால் சாய்ந்தோம், இறங்கும்போது முன்னால், பாட்டிலும் கூடவே வந்தது. உடனே கதவுப் பக்கம் நகர்ந்துவிட்டேன். வகுப்புக்கு 3 நிமிடம் தாமதம். ஆனால் அறையை மாற்றியிருந்தார்கள், பாதிப் பேர் இன்னும் தேடிக்கொண்டிருந்தார்கள்.

கடைசிப்படி | திங்கள், இரவு 8:12

பாட்டில் எந்த நிறுத்தத்தில் இறங்கியது?

கணக்குப்பிள்ளை | திங்கள், இரவு 8:40

ஒரு பஸ் முன்னதாகக் கிளம்பியும் 3 நிமிடம் தாமதம். 8:20 பஸ்ஸில் இப்படி மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்கமாட்டேன்.

புதுத்தடம் | வியாழன், மாலை 6:20

அவசரம்! குடையைப் பஸ்ஸில் விட்டுவிட்டேன். நீலக் குடை, அம்மாவுடையது. வண்டிப் பதிவு எண் இருக்கிறது (ஆமாம், தினமும் குறித்து வைக்கிறேன்). யாரிடம் கேட்பது?

நாலாவது கியர் | வியாழன், மாலை 6:34

கடைசி நிறுத்தத்தில் நேரக்காப்பாளர் இருந்தால் அவரிடம், இல்லையென்றால் டிப்போவில். வண்டி எண், நீ இறங்கிய நேரம், எந்தப் பக்கம் எத்தனையாவது இருக்கை, இவ்வளவும் சொல். காலையில் போகாதே, வண்டி வெளியே போகிற நேரத்தில் யாருக்கும் பேச நேரம் இருக்காது. பத்து மணிக்கு மேல் போ.

புதுத்தடம் | சனி, காலை 11:50

கிடைத்துவிட்டது! எண்ணைச் சொன்னதும் ஒரு மர அலமாரியைத் திறந்தார். உள்ளே நாற்பது குடையாவது இருக்கும், ஒரு ஒற்றைச் செருப்பும் இருந்தது. அம்மாவின் குடையை எடுத்துக் கொடுத்துவிட்டு, 'இதையும் கொண்டு போம்மா, ரொம்ப நாளாக யாரும் வரவில்லை' என்று ஒரு பாட்டிலை நீட்டினார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

கடைசிப்படி | சனி, மதியம் 12:01

ஆக, டிப்போவில் இறங்கியிருக்கிறது.